லேசர் ஒளியியல் ஆய்வுக்கு வருபவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

இயற்பியலில் முதுகலை முடிக்கப்போகும் ஒருவர் கேட்டிருந்தார்: லேசர் ஒளியியலில் ஆய்வாளராக என்ன படித்திருக்க வேண்டும், என்னென்ன திறன்கள் வேண்டும்? ஆய்வுக் கட்டுரையைத் திறந்தால் பக்கம் பக்கமாகச் சமன்பாடு. ஆய்வகத்தை எட்டிப் பார்த்தால் யாரோ ஒருவர் அரையிருட்டில் நின்று ஓர் ஆடியின் திருகைத் திருகிக்கொண்டிருக்கிறார். இதில் எது உண்மையான வேலை?

இரண்டும் ஒரே வேலைதான். சமன்பாட்டில் எழுதிய கற்றைதான் மேசைமேலும் ஓடுகிறது என்று அளந்து காட்டத் தெரிந்தவரைத்தான் நான் நல்ல லேசர் ஆய்வாளர் என்பேன். பட்டம், பாடங்கள், கருவிப் பயிற்சி எல்லாம் அந்த இடத்துக்குக் கொண்டுபோகும் வழிகள். பல ஆண்டுகள் இந்த மேசைகளின் அருகிலேயே கழித்தவன் என்ற முறையில், எது எவ்வளவு கைகொடுத்தது என்று சொல்கிறேன்.

முதலில் படிப்பு. இயற்பியல் முதுகலை போதும். மின்னணுவியல், ஒளியியல் பொறியியல் படித்தவர்களும், நிறமாலையியல் வழியாக வேதியியலிலிருந்து வந்தவர்களும் இங்கே நன்றாகவே செய்கிறார்கள். பாடங்களில் அதிகம் உதவுவது மின்காந்தவியல். மேக்ஸ்வெல் சமன்பாடுகளிலிருந்து அலைச் சமன்பாட்டுக்கு வந்து, ஒரு பரப்பில் எவ்வளவு ஒளி திரும்பும், எவ்வளவு உள்ளே போகும் என்று கணக்குப் போடத் தெரிய வேண்டும். பூச்சு இல்லாத கண்ணாடியில் நேராக விழும் ஒளியில், ஒரு பரப்புக்கு ஏறக்குறைய 4 சதவீதம் திரும்பிவிடும். இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் ஆய்வகத்தில் பல விஷயங்கள் விளங்கும். அப்படிப்பட்ட 10 பரப்புகளைக் கடந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி போயே போய்விடும். 1 வாட் கற்றையின் குறுக்கே வைத்த சாதாரணக் கண்ணாடித் தகட்டின் ஒரு பரப்பு மட்டும் 40 மில்லிவாட்டை வேறு எங்கோ அனுப்பிக்கொண்டிருக்கும். அது எங்கே போகிறது என்று தெரியாமல் அந்த அறையில் நிற்கக்கூடாது.

அடுத்தது ஃபூரியர் மாற்றம், ஒரு சமிக்ஞையை அதன் அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் கணக்கு. கணித வகுப்பில் அதை ஒரு தொகையீடாகப் படித்து முடித்துவிடுகிறோம். லேசர் மேசையில் அது தினசரிப் புழக்கம். காலத்தில் குறுகிய துடிப்பு வேண்டுமானால் நிறமாலை அகலமாக இருந்தே ஆக வேண்டும். காஸியன் வடிவத் துடிப்பானால், அதன் கால அகலத்தையும் அதிர்வெண் அகலத்தையும் பெருக்கினால் 0.44க்குக் கீழே போகாது. 800 நானோமீட்டரில் 100 ஃபெம்டோ விநாடித் (ஃபெம்டோ விநாடி என்பது விநாடியில் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு) துடிப்புக்குக் குறைந்தது 9.4 நானோமீட்டர் அகலம் வேண்டும். உங்கள் நிறமாலைமானி 5 நானோமீட்டர்தான் காட்டுகிறது, ஆனால் கருவியோடு வந்த காகிதத்தில் 100 ஃபெம்டோ விநாடி என்று போட்டிருக்கிறது என்றால், அந்தக் காகிதத்தை நம்ப வேண்டாம். இப்படி ஒரு நிமிடத்தில் மனக்கணக்காகச் சரிபார்ப்பவர்கள் மாதக்கணக்கில் நேரத்தை மிச்சப்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

குவாண்டம் இயங்கியல் எவ்வளவு வேண்டும் என்பது நீங்கள் எந்தக் கிளைக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குளிர்ந்த அணுக்கள், ஒற்றை ஃபோட்டான் மூலங்கள் என்று போனால் ஆழமாகவே வேண்டும். மற்றவர்களுக்கும் லேசர் ஏன் வேலை செய்கிறது என்ற அளவுக்கு அது கட்டாயம். ஐன்ஸ்டைன் தூண்டு உமிழ்வை (விழும் ஒளியே அணுவை அதே போன்ற ஒளியை உமிழச் செய்வதை) விளக்கிய கட்டுரை 1917ல் வெளிவந்தது. தியோடர் மெய்மன் முதல் லேசரை இயக்கியது 1960 மே 16 அன்று, ரூபி படிகத்தில். நடுவே 43 ஆண்டுகள். ரூபி மூன்று ஆற்றல் மட்டங்கள் கொண்ட அமைப்பு. பாதிக்கும் மேற்பட்ட குரோமிய அயனிகளைத் தரைமட்டத்திலிருந்து மேலே ஏற்றினால்தான் பெருக்கம் தொடங்கும். அதனால்தான் அவருக்குப் பலமான ஃபிளாஷ் விளக்கு தேவைப்பட்டது. நியோடிமியம்-யாக் என்ற படிக லேசர் நான்கு மட்ட அமைப்பு. அதில் லேசர் மாற்றம் முடியும் கீழ்மட்டம் ஏறக்குறையக் காலியாகவே இருக்கும், ஆகவே கொஞ்சம் ஏற்றினாலே போதும். இந்த வேறுபாட்டைச் சமன்பாடு இல்லாமல் ஒரு புதியவருக்குச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் உங்களுக்கு அந்தப் பாடம் பிடிபட்டுவிட்டது.

காஸியன் கற்றை பற்றிய அத்தியாயத்தைப் பலரும் மேலோட்டமாகக் கடந்துவிடுகிறார்கள். அதுதான் மிகவும் பயன்படும் அத்தியாயம். கதிர் ஒளியியலில் இணைகற்றை கடைசிவரை இணையாகவே போகும். உண்மையான லேசர் கற்றை அப்படிப் போகாது. 632.8 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசரின் கற்றை அதன் இடுப்பில் (மிகக் குறுகிய இடத்தில்) அரை மில்லிமீட்டர் ஆரம் கொண்டிருந்தால், ரேலே தூரம் 1.24 மீட்டர்தான் வரும். பை மடங்கு ஆரத்தின் வர்க்கத்தை அலைநீளத்தால் வகுத்த கணக்கு அது. அந்தத் தூரத்தைத் தாண்டினால் கற்றை விரிவது கண்ணுக்கே தெரிய ஆரம்பிக்கும். சிறிய புள்ளியாகக் குவிக்க வேண்டுமா? அப்படியானால் லென்ஸுக்கு முன்னால் கற்றையை முதலில் பெரிதாக்க வேண்டும். கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். ஒருமுறை கையால் செய்து பார்த்தவர் மறக்கமாட்டார்.

சரி, இப்போது கை வேலைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் பாதுகாப்பு. இதைக் கடைசியில் ஒரு பத்தியாகச் சேர்ப்பது வழக்கம்; நான் அப்படிச் செய்யமாட்டேன். 400 முதல் 1400 நானோமீட்டர் வரையிலான ஒளியைக் கண்ணின் லென்ஸ் விழித்திரையில் குவித்துவிடும். கருவிழியில் விழும் செறிவைவிட விழித்திரையில் விழும் செறிவு லட்சம் மடங்கு வரை போகலாம். இதில் 700க்கு மேற்பட்ட பகுதி நமக்குச் சரியாகத் தெரியாது, 1064 நானோமீட்டர் தெரியவே தெரியாது. 800 நானோமீட்டர் இன்னும் மோசம்: மங்கலான சிவப்புப் புள்ளியாகத் தெரிவதால் சக்தி குறைவு என்று மனம் நம்பிவிடும். 500 மில்லிவாட்டுக்கு மேற்பட்ட தொடர் லேசர், ஆபத்தில் உச்சமான நான்காம் வகுப்பு. அதன் நேர்க்கற்றையும் ஆடியில் பட்டுத் திரும்பும் கற்றையும் மட்டுமல்ல, சுவரில் பட்டுச் சிதறும் ஒளியும் ஆபத்தாகலாம்.

ஆகவே கைக்கடிகாரம், மோதிரம், வளையல் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள். கற்றை ஓடும் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தாதீர்கள். திருகாணி கீழே விழுந்தால் கற்றையை மறைத்துவிட்டு அப்புறம் குனியுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியணி எந்த அலைநீளத்துக்கு என்று அதன் விளிம்பில் அச்சிட்டிருப்பதை ஒவ்வொரு முறையும் படியுங்கள். பச்சை லேசருக்கான ஆரஞ்சு நிற அணி 800 நானோமீட்டரை அப்படியே உள்ளே விட்டுவிடலாம். புதிய ஒளி உறுப்பு ஒன்றை மேசையில் வைத்தவுடன் அதிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு எதிரொளிப்பையும் தேடித் தடுப்பது என் வழக்கம். ஒரு மாணவர் திறமையானவரா என்று நான் முதலில் பார்க்கும் இடமும் அதுதான்.

அலைன்மென்ட் என்னும் நேர்ப்படுத்தும் வேலை கை நிதானத்தில் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது முழுக்க வடிவியல். ஒரு நேர்கோட்டை இடத்தில் நிறுத்த நான்கு எண்கள் வேண்டும்: எந்தப் புள்ளி வழியாகப் போகிறது என்பதற்கு இரண்டு, எந்தத் திசையில் போகிறது என்பதற்கு இரண்டு. ஓர் ஆடிக்கு இரண்டு திருகுகள்தான். அதனால்தான் எங்கு பார்த்தாலும் ஆடிகள் இரண்டிரண்டாக இருக்கின்றன. இரண்டு ஐரிஸ்களை (நடுவில் சிறு துளை விடும் தடுப்புகளை) பாதையில் வையுங்கள், ஒன்று அருகில், ஒன்று தொலைவில். முதல் ஆடியால் அருகிலுள்ள ஐரிஸின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டாம் ஆடியால் தொலைவிலுள்ளதற்கு. திரும்ப முதல் ஆடி. ஒவ்வொரு சுற்றிலும் பிழை சுருங்கும். சுருங்காமல் பெருகினால் எந்த ஆடிக்கு எந்த ஐரிஸ் என்று மாற்றிப் பிடித்துவிட்டீர்கள் என்று பொருள்.

இந்தப் பாடத்தின் அடுத்த படி, ஒற்றை மோட் ஃபைபருக்குள் (ஒளி ஒரே வடிவில் மட்டும் ஓடும் மெல்லிய கண்ணாடி இழைக்குள்) கற்றையைச் செலுத்துவது. காணுறு ஒளிக்கான ஃபைபரில் ஒளி ஓடும் உட்பகுதியின் விட்டம் 4 மைக்ரோமீட்டர் அளவுதான். 70 சதவீதம் உள்ளே போனால் நல்ல நாள். வெறும் 20 சதவீதத்தில் நின்றுவிட்டால் திருகிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. கற்றையின் அளவு லென்ஸுக்குப் பொருந்துகிறதா, கற்றை வட்டமாக இருக்கிறதா, ஃபைபர் முனை சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கை எப்போது திருக வேண்டும், எப்போது நிறுத்திவிட்டுக் கணக்குப் போட வேண்டும் என்ற தெளிவு இந்தத் துறையில் மிகவும் மெதுவாக வருவது. வந்துவிட்டால் எல்லாம் எளிதாகிறது.

என் கதை ஒன்று. ஆரம்ப காலத்தில், ஃபைபரிலிருந்து வரும் ஒளியை, ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் வழியாக மாதிரிக்கு அனுப்பும் அமைப்பு ஒன்றைக் கட்டினேன். மாதிரியில் விழும் சக்தி அரை மணிக்கு ஒருமுறை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. லேசர் நிலையாக இல்லை என்று முடிவு கட்டி, லேசரைப் பிரித்து, ஆடிகளைத் துடைத்து, குளிர்நீர்ச் சுற்றோட்டத்தைச் சோதித்து, ஏறக்குறைய இரண்டு வாரம் போனது. கடைசியில் போலரைசருக்கு முன்னால் பவர் மீட்டரை வைத்தேன். அங்கே சக்தி அசையவே இல்லை. அறையின் வெப்பநிலை சற்று மாறும்போதெல்லாம் சாதாரண ஃபைபருக்குள் ஒளியின் தளவிளைவு, அதாவது அதன் மின்புலம் அதிரும் திசை, மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. போலரைசர் அந்தத் திருப்பத்தைச் சக்தி மாற்றமாகக் காட்டியிருந்தது. லேசரில் ஒரு குறையும் இல்லை. அன்றிலிருந்து ஏதாவது கெட்டால் முதலில் பாதையை நடுவில் வெட்டி அங்கே அளக்கிறேன். பழுது எந்தப் பாதியில் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கருவியில் கை வைப்பேன்.

தளவிளைவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தளவிளைவை இரண்டு எண்களால் குறிக்கும் ஜோன்ஸ் திசையனை எழுதி, அரை அலைத் தகடு, கால் அலைத் தகடு இவற்றுக்கான அணிகளைப் பெருக்கிப் பார்க்கப் பழகுங்கள். கணக்கு ஒரு மாலையில் முடிந்துவிடும், பயன் வாழ்நாள் முழுவதும்.

மிகக் குறுகிய துடிப்புகள் பக்கம் போகிறீர்கள் என்றால் நிறப்பிரிகை, அதாவது கண்ணாடிக்குள் ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு வேகத்தில் போவது, உங்களோடு கூடவே வரும். 800 நானோமீட்டரில் பிகே7 கண்ணாடி ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 45 ஃபெம்டோ விநாடி வர்க்கம் அளவுக்கு நிறப்பிரிகை தருகிறது. 1 சென்டிமீட்டர் தடிமனுள்ள துண்டு ஒன்றின் வழியாக 100 ஃபெம்டோ விநாடித் துடிப்பை அனுப்பினால் அது ஒரு விழுக்காடுகூட நீளாது. அதே துண்டில் 10 ஃபெம்டோ விநாடித் துடிப்பை அனுப்பினால் 120க்கு மேல் போய்விடும். ஒரே கண்ணாடிதான்! 100ஐ 10 ஆக்கியவுடன் முன்பு கண்டுகொள்ளாத ஒவ்வொரு லென்ஸும் சன்னலும் கணக்கில் ஏறிவிடும். ஆகவே புதிய அமைப்பை வரையும்போதே பாதையில் உள்ள கண்ணாடி மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் என்று கூட்டி எழுதிவைப்பது நல்லது.

இந்தத் தொல்லையையே கருவியாக்கியவர்கள் டோனா ஸ்ட்ரிக்லேண்டும் ஜெரார் மூருவும். துடிப்பைப் பெருக்கினால் அதன் உச்சச் செறிவு பெருக்கியையே உடைத்துவிடும் என்ற நிலை இருந்தது. 1985ல் அவர்கள் 1.4 கிலோமீட்டர் ஃபைபர் வழியாகத் துடிப்பை நீட்டினார்கள். நீண்ட துடிப்பின் உச்சம் தணிந்ததால் பத்திரமாகப் பெருக்க முடிந்தது. பிறகு ஒரு கீற்றணி (நுண்கோடுகள் வரைந்த தகடு) இணையால் மீண்டும் சுருக்கினார்கள். 2018ல் நோபல் பரிசில் ஒரு பாதி அவர்களுக்குப் பகிரப்பட்டது. மற்றப் பாதி ஒளியால் நுண்துகள்களைப் பிடித்து நிறுத்திய ஆர்தர் ஆஷ்கினுக்கு. ஸ்ட்ரிக்லேண்ட் அந்த வேலையைச் செய்தபோது முனைவர் பட்ட மாணவி. நிறப்பிரிகையைத் தெளிவாகப் புரிந்துகொண்டு கையில் இருந்த ஃபைபரைப் பார்த்தவருக்குத்தான் அந்த யோசனை வந்திருக்க முடியும். பாடத்தையும் மேசையையும் ஏன் பிரிக்கக்கூடாது என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இதுதான்.

குறுகிய துடிப்பை எப்படி அளப்பது? எந்த மின்னணுக் கருவிக்கும் அந்த வேகம் இல்லை. துடிப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தாமதப்படுத்தி, படிகத்துக்குள் மீண்டும் சேர்த்துத் தன்னைக்கொண்டே தன்னை அளக்க வேண்டும். தாமதப் பலகை 1 மைக்ரோமீட்டர் நகர்ந்தால் ஒளி போய்த் திரும்பும் பாதை 2 மைக்ரோமீட்டர் கூடும், அதாவது 6.7 ஃபெம்டோ விநாடி. இந்த அளவீட்டில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. இப்படிக் கிடைக்கும் ஆட்டோகோரிலேஷன் வளைவின் அகலத்தை, துடிப்பின் வடிவம் காஸியன் என்று கொண்டால் 1.41ஆல் வகுக்கிறோம், செக் வர்க்க (sech²) வடிவம் என்று கொண்டால் 1.54ஆல். எதை எடுத்தோம் என்று எழுதாமல் வெறுமனே துடிப்பு அகலம் என்று ஓர் எண்ணைத் தருவது நேர்மையில்லை. துடிப்பின் வடிவமும் கட்டமும் (அலை தன் சுற்றில் எங்கே இருக்கிறது என்பதும்) தெரிய வேண்டுமானால் 1993ல் கேனும் டிரெபினோவும் வெளியிட்ட ஃபிராக் போன்ற முறைக்குப் போக வேண்டும்.

மின்னணுவியல் என்றால் சலித்துக்கொள்ளும் இயற்பியல் மாணவர்கள் உண்டு. சலித்துக்கொள்ளாதீர்கள், ஒளி கடைசியில் மின்னழுத்தமாகத்தான் கணினிக்குப் போகிறது. வேகமான போட்டோடயோடை ஆசிலோஸ்கோப்பில் 1 மெகாஓம் உள்ளீட்டில் செருகினால், நானோ விநாடித் துடிப்புகூட மைக்ரோ விநாடிகளுக்கு இழுபட்ட வாலாகத் தெரியும். 50 ஓமுக்கு மாற்றினால் உண்மை வடிவம் வரும். டயோடு நிறைவுற்றிருக்கிறதா என்று பார்க்க ஒரு வடிகட்டியைக் குறுக்கே வைத்து, சமிக்ஞை அதே விகிதத்தில் குறைகிறதா என்று பாருங்கள். அப்புறம் லாக்-இன் பெருக்கி. கற்றையைச் சுழலும் தட்டால் வெட்டி, அந்த அதிர்வெண்ணில் மட்டும் கேட்கும் இந்தக் கருவி, அதைவிட ஆயிரம் மடங்கு பெரிய இரைச்சலுக்குள் புதைந்த சமிக்ஞையையும் எடுத்துத் தரும். ஏன் குறைந்த அதிர்வெண்ணில் இரைச்சல் அதிகம், ஃபோட்டான் எண்ணிக்கையால் வரும் இரைச்சலின் எல்லை எது என்ற இரண்டும் தெரிந்திருந்தால் எந்த அளவீட்டையும் திட்டமிடலாம்.

நிரலாக்கத்தில் பைத்தான் ஒன்றே பெரும்பாலும் போதும்: கருவிகளை இயக்க, தரவைச் சேமிக்க, வளைவு பொருத்த. சில இடங்களில் மேட்லேப், லேப்வியூ புழக்கத்தில் இருக்கும். சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளலாம். வெற்றிடத் தொழில்நுட்பமும் அப்படித்தான். அட்டோ விநாடித் துடிப்புகள் பக்கம் போனால் மட்டும் அது முதல் நாளிலிருந்தே வேண்டும், ஏனென்றால் அத்துடிப்புகளின் தீவிரப் புறஊதா ஒளியைக் காற்றே விழுங்கிவிடும்.

தரவை நம்புவதும் சந்தேகிப்பதும் ஒரு திறன். 1961ல் பீட்டர் ஃபிராங்கனின் குழு ரூபி லேசரின் 694.3 நானோமீட்டர் ஒளியைக் குவார்ட்ஸ் படிகத்துக்குள் குவித்து, சரிபாதி அலைநீளத்தில் மிக மங்கலான ஒளியைப் பிடித்தது. நேரிலா ஒளியியல் என்ற துறை அங்கிருந்துதான் கிளம்பியது. அந்த ஒளி ஒளிப்படத் தகட்டில் ஒரு சிறு புள்ளியாகப் பதிந்திருந்தது. கட்டுரை அச்சானபோது புள்ளியைக் காணவில்லை; தூசி என்று எண்ணி நீக்கிவிட்டார்கள் என்று சொல்வார்கள். புள்ளி 347 நானோமீட்டரில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தவர்களுக்கு அது கண்டுபிடிப்பு, தெரியாதவர்களுக்கு அழுக்கு. ஆகவே அளவீட்டைத் தொடங்கும் முன்னால் எங்கே, எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். தேதி, நேரம், லேசர் சக்தி, அறையின் வெப்பநிலை எல்லாம் கூடவே. சரியாக வராத நாளின் குறிப்புதான் ஆறு மாதம் கழித்துத் தேடப்படும்.

இனி, இவற்றைத் தன்விவரக் குறிப்பில் எப்படி எழுதுவது என்று கேட்கிறீர்கள். லேசரில் அனுபவம் உண்டு என்ற வரி எதையும் சொல்லவில்லை. எந்த அலைநீளம், தொடர் கற்றையா துடிப்பா, என்ன சக்தி, நீங்களே கட்டியது எது, பிறர் கட்டியதை இயக்கியது எது என்று பிரித்து எழுதுங்கள். 80 மெகாஹெர்ட்ஸ் டைட்டானியம்-சஃபையர் லேசரைத் தினமும் மோட் லாக் செய்து, அதன் துடிப்பை அளந்து, இரண்டாம் ஹார்மோனிக் உருவாக்கும் அமைப்பை அலைன் செய்தேன் என்ற ஒரு வாக்கியம் படிப்பவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும். அவ்வளவு இல்லை, ஒரு மைக்கல்சன் குறுக்கீட்டுமானியைக் கட்டி விளிம்புகளை நிலையாக நிறுத்தினேன் என்றாலும் போதும். அதைக் கட்டும்போது என்ன தவறியது என்று நேர்காணலில் கேட்பார்கள். அதற்கு விரிவாகப் பதில் சொல்பவர்களைத்தான் நான் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை வரும்போது, பேராசிரியரிடம் பேசிய பிறகு அங்குள்ள மூத்த மாணவர் ஒருவரிடம் தனியாக ஒன்று கேளுங்கள்: கடைசியாக லேசர் எப்போது நின்றது, யார் சரிசெய்தார்கள்? நிறுவனத்திலிருந்து பொறியாளர் வந்தார் என்றால், அங்கே லேசர் ஒரு கருவி. நீங்கள் கற்கப்போவது அதைக்கொண்டு செய்யும் அளவீட்டை. அதுவும் நல்ல வழிதான், உங்கள் ஆய்வுக் கேள்வி லேசரைப் பற்றி இல்லாமல், அதைக்கொண்டு அளக்கும் பொருளைப் பற்றியதாக இருந்தால். நாங்களே திறந்து பார்த்தோம் என்று சொல்லி, எப்படிப் பார்த்தோம் என்று கால் மணி நேரம் விவரிக்க ஆரம்பித்தால், நீங்கள் ஆசைப்படும் லேசர் வேலை அங்கேதான் நடக்கிறது.